கேளுங்கள், குமாஸ்தா சொல்கிறேன்: டெல்லியில் பேசி என்ன ஆகும்?

போன இதழில் ‘எம்.பி.யின் முதல் வேலை பேசுவதுதான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்திருக்கிற தபாலைப் பார்த்தால் விளவங்கோட்டில் பாதிப் பேர் என்மேல் கோபமாக இருக்கிறார்கள் போலிருக்கிறது. குழித்துறை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பேச்சின் அருமை தெரியும். பேசியதை ரெக்கார்டில் ஏற்றுவதன் அருமை அதைவிட நன்றாகத் தெரியும். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

எம்.பி. ஒருவர் ரப்பர் விலைக்காக மேஜையைத் தட்டிப் பேசிய வீடியோ போனில் வந்தது. நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். ஷீட் விலை அசையவே இல்லையே அண்ணாச்சி?
— ரப்பர் விவசாயி, குலசேகரம்

அந்த வீடியோ எந்த நேரத்தில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். மக்களவையில் 12 மணிக்கு மேல் வருகிற பூஜ்ய நேரம் என்றால், உறுப்பினர் பேசிவிட்டு உட்காருவார், அவ்வளவுதான். அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 11 மணிக்குத் தொடங்குகிற கேள்வி நேரம் வேறு. ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவை; அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். இன்னொரு 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். வீடியோ வராத இந்த 230-இல்தான் எனக்கு ருசி. எத்தனை டன் இறக்குமதி, எந்த நாட்டிலிருந்து, எந்த வரியில் என்று அமைச்சகமே கையெழுத்துப் போட்டுத் தருகிறதே, அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

அடுத்தது, யாரிடம் பேசினார் என்பது. மரம் வளர்வது நம் மண்ணில்தான் என்றாலும், கோட்டயத்தில் இருக்கிற ரப்பர் வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வேளாண்மை விவாதத்தில் எழுந்து ரப்பருக்காக உருகுகிறவர் தப்பான அமைச்சரிடம் உருகுகிறார்.

மூன்றாவது, என்ன பேசினார். ‘விவசாயி சாகிறான்’ என்று யாரும் சொல்லலாம். அருமனையில் என் தம்பி கொஞ்சம் மரம் வைத்திருக்கிறான். 2011 ஏப்ரலில் ஷீட் கிலோ 240 ரூபாய் வாக்கில் போனபோது வீட்டுக்கு மாடி எடுத்தான். விலை இறங்கியதும் பால் வெட்டுகிற கூலிக்கே கட்டாது என்று மரத்தைச் சும்மா விட்டுவிட்டான். இது சோகம்தான். ஆனால் அமைச்சர் இதற்கு ‘வருந்துகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வரியைப் பிடித்துப் பேசினால் அப்படித் தப்ப முடியாது. இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரியை 2015-இல் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏற்றினார்கள். ஆனால் அதோடு ஒரு வால் உண்டு: 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். இறக்குமதி மதிப்பு கிலோ 120 ரூபாயைத் தாண்டினால் 30 ரூபாய்தான் வரி. 200 ரூபாய்ச் சரக்குக்கு 15 சதவீதம்தான் ஆகிறது. அதுபோல காம்பவுண்ட் ரப்பர். ரப்பரோடு கொஞ்சம் வேறு பொருளைக் கலந்துவிட்டால் வரிப் பட்டியலில் வேறு தலைப்பு, அப்போது 10 சதவீத வரிதான். டயர் கம்பெனிகளுக்கு வசதியான கதவு. கேரள உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 பட்ஜெட்டில் அந்த வரியையும் 25 சதவீதம் அல்லது 30 ரூபாய், எது குறைவோ அது என்று மாற்றினார்கள். கேள்விகளால் மட்டுமே மாறியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும், அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்து பேசிய பேச்சு அது. அடுத்த வீடியோ வந்தால், ‘எது குறைவோ அது’ என்ற வாலைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அனுப்புங்கள், நானும் பத்துப் பேருக்கு அனுப்புகிறேன்.

வருகைப் பதிவு 95 சதவீதம் என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். நல்ல எம்.பி.தானே?
— ஆட்டோ ஓட்டுநர், தக்கலை

அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்தே போடுவதில்லை. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்?

‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று அமைச்சர் சொல்லிவிட்டால் கேள்வி செத்துப்போனதாகத்தானே அர்த்தம்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவட்டாறு

இல்லை ஐயா. அது எங்கள் கோர்ட் பாஷையில் வாய்தா. வாய்தா வாங்கியவன் திரும்ப வந்தாக வேண்டும். ‘ஆராய்கிறோம்’, ‘தகவல் திரட்டுகிறோம்’ என்ற மாதிரி பதில்களை அரசு கொடுத்த உறுதிமொழியாகக் குறித்து வைக்க மக்களவையில் ஒரு குழுவே இருக்கிறது. 1953-லிருந்து இருக்கிறது, 15 உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. அரசு காலநீட்டிப்பு கேட்கும், கொடுப்பார்கள், மறுபடி கேட்கும். அந்த விஷயத்திலும் நம் கோர்ட்டுக்கு அது சளைத்ததல்ல. ஆனால் கட்டு லேசில் மூடப்படாது. கேள்வி கேட்டவர் அதைத் துரத்துகிறாரா என்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

நாடாளுமன்றத்தில் பேசி உண்மையிலேயே எதையாவது அசைத்தவர் உண்டா? ஒரு பெயர் சொல்லுங்கள் தாத்தா.
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பெரோஸ் காந்தி, மகளே. ரேபரேலி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், ஆளுங்கட்சிக்காரர். ஆயுள் காப்பீட்டை 1956-இல்தான் அரசுடைமை ஆக்கியிருந்தார்கள். மறு வருடமே எல்.ஐ.சி. பணம் சுமார் 1.25 கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்கிற வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளில் போனது. அந்தக் காலத்து ஒன்றேகால் கோடி!

இது முதலில் சாதாரணமாக ஒரு கேள்வியாகத்தான் சபைக்கு வந்தது. மழுப்பலாகப் பதில் வந்தது. பெரோஸ் காந்தி அந்தப் பதிலை விடவில்லை. 1957 டிசம்பரில் எழுந்து பேசினார். தேதி, விலை, எந்த நாளில் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று அடுக்கினார். நேரு விசாரணைக்கு ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. பம்பாய் தலைமை நீதிபதி சாக்ளா ஊரறிய விசாரித்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் நம் தமிழ்நாட்டுக்காரர். 1962-இல் திருச்செந்தூரில் ஜெயித்துத் திரும்பவும் போனார் என்பது வேறு கதை.

இன்னொன்றும் செய்தார் அந்த மனிதர். சபையில் பேசியதைப் பத்திரிகை உள்ளபடி வெளியிட்டால் வழக்குப் போடக்கூடாது என்று 1956-இல் தனிநபர் மசோதா கொண்டுவந்து சட்டமாக்கினார். தான் பேசப்போவதற்கு முன்கூட்டியே பாதை வெட்டி வைத்த மாதிரி ஆயிற்று. வக்கீல் குமாஸ்தாவுக்கு இப்படிப்பட்ட ஆளைப் பிடிக்காமல் போகுமா?

தனிநபர் மசோதா என்கிறீர்களே, சாதாரண உறுப்பினர் சட்டம் கொண்டுவர முடியுமா?
— அதே மாணவி

முடியும், நிறைவேறுவதுதான் அபூர்வம். இதுவரை இரு அவைகளும் ஏற்றுச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-இல். அதற்காக வீண் என்று சொல்லிவிடாதே. திருநங்கை, திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது தேங்கிவிட்டது. அப்புறம் அரசே ஒரு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு அதில் இல்லை. என் அபிப்பிராயத்தில் முந்தைய மசோதாதான் மேல்.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது மார்ஷல் நேசமணி டெல்லியில் வாதாடியதாலா, இங்கே ரத்தம் சிந்தியதாலா? எங்கள் டீக்கடையில் அடிதடி ஆகிவிடும் போலிருக்கிறது.
— வாசகர், பனச்சமூடு

டீக்கடைக்காரருக்கு நஷ்டம் வராமல் சொல்கிறேன். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்திராவிட்டால், டெல்லியில் இந்த நான்கு தாலுகாவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நேசமணி 1952-இல் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனவர். தெருவில் நடந்ததை அங்கே கேட்கவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவர்.

ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும். நேசமணியின் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகா. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தரலாம் என்று மாநில மறுசீரமைப்பு ஆணையமே 1955-இல் சொல்லிவிட்டது. மீதிக்காகத்தான் சபையில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் எண்ணிக்கை அதிகம் என்று நம்மவர்கள் சொன்னார்கள். அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிற கூட்டம், அந்த மலையின் பொருளாதாரம் கேரளத்துக்கு வேண்டும் என்று எதிர்ப்பக்கம். மொழிக் கணக்கில் தொடங்கிய வாதம் தேயிலை, ஏலம், தண்ணீர்க் கணக்கில் தோற்றது. 1956 நவம்பர் 1-இல் வந்தது வந்தது, போனது போனது.

அந்த ஒன்பதில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்துக்குப் போனதன் விலையை உங்கள் பனச்சமூட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெய்யாறு அணை அந்தப் பக்கம், இடதுகரைச் சானலின் வால் இந்தப் பக்கம். 2004-லிருந்து கேரளம் தண்ணீர் விடுவதில்லை. 1955-இல் பேசியவர்களைக் குறை சொல்லி இப்போது பயனில்லை. இன்றைக்கு நெய்யாற்றைப் பற்றி எத்தனை பேர் எழுத்தில் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

வீட்டு முன்னால் ஓடை நாறுகிறது. எம்.பி. எட்டிப் பார்க்கவில்லை.
— இல்லத்தரசி, கொல்லங்கோடு

அம்மா, அது உள்ளாட்சி வேலை. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி உண்டு என்பதால் எல்லாரும் எம்.பி.யை மேஸ்திரியாகப் பார்க்கிறோம். ஓடைக்கு வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள், இன்றைக்கே.

சபையில் தமிழில் பேசினால் வடக்கே யாருக்குக் கேட்கும்?
— வாசகர், களியக்காவிளை

மொழிபெயர்ப்பாளர் பேசுகிற குரல் காதில் மாட்டுகிற கருவியில் கேட்கும். முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். 1977-இல் நாகர்கோவிலில் ஜெயித்துப் போன குமரி அனந்தன், தமிழில் கேள்வி கேட்க உரிமை வேண்டும் என்று போராடி வாங்கினார். நல்ல கேள்வியாக இருந்தால் எந்த மொழியில் கேட்டாலும் அமைச்சருக்கு வியர்க்கும்.

நாங்கள் பாறசாலைத் தமிழர்கள். ஓட்டு திருவனந்தபுரம் தொகுதியில். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இல்லை. எங்களுக்காக யார் பேசுவார்கள்?
— பெற்றோர் ஒருவர், பாறசாலை

உங்கள் தொகுதி எம்.பி.யே பேசலாம், பேச வேண்டும். எங்கள் கன்னியாகுமரித் தொகுதி எம்.பி.யும் பேசலாம், எந்த ஊரைப் பற்றியும் எந்த உறுப்பினரும் கேட்க முடியும்.

வெறுமனே ‘தமிழ் வாழ்க’ என்று எழுதாதீர்கள். அரசியல் சாசனத்தில் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யச் சொல்கிறது. 350-ஆ, அதைக் கவனிக்க ஓர் ஆணையரை வைக்கச் சொல்கிறது. அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். இரண்டுமே 1956-இல், மாநிலங்களைப் பிரித்தபோது சேர்த்தவை. அதாவது உங்களைப் போல எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்காக.

கடிதத்தில் மூன்று வரி போதும். நெய்யாற்றின்கரை தாலுகாவில் எத்தனை பள்ளிகளில் தமிழ் வழி தொடக்க வகுப்பு இருக்கிறது? கடைசியாக ஆணையர் அறிக்கை எந்தத் தேதியில் அவையில் வைக்கப்பட்டது? அதில் கேரளத் தமிழர் பற்றி என்ன இருக்கிறது? சிறுபான்மையினர் விவகார அமைச்சகத்துக்கான எழுத்துக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே பதிவுத் தபாலில் போடுங்கள். ஒரு நகல் எனக்கு அனுப்பிவையுங்கள். பதில் வந்தால் இந்தப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். வராவிட்டாலும் அதைப் போடலாம்.