தூதரைக் கேளுங்கள்: சதாமைத் தழுவியது சரியா?

(இந்திய வெளியுறவுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தூதர் ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 1990இல் குவைத்தைப் பிடித்த சதாம் உசேனை நம் வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் போய்க் கட்டித் தழுவினாரே, அது நாட்டுக்குத் தலைகுனிவு இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து மேற்கு நாடுகள் முகம் சுளித்தது உண்மை. நான் அப்போது ஜோர்டான் தலைநகர் அம்மானில், நம் தூதரகத்தில் இளைய அதிகாரி. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே 1,70,000 இந்தியர்களுக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஊர் திரும்ப ஒரே வழிதான்: பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தில் பஸ்ஸில் வந்து, அம்மானில் விமானம் ஏற வேண்டும். பாதையில் பெரும்பகுதி சதாமின் கையில். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பஸ் நகராது.

வந்தவர்களில் பலரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. முதலாளி வாங்கி வைத்திருப்பார். அந்த முதலாளியே ஊரைவிட்டு ஓடியிருப்பார். பல வருஷச் சம்பாத்தியம் குவைத் தினாராக மடியில் இருக்கும், மாற்றித்தர ஆளிருக்காது. பெயர், அப்பா பெயர், ஊர் என்று கேட்போம். ஊரைக் கேட்டால் பஸ் எங்கே நிற்கும் என்பது வரை சொல்வார்கள். அதை வைத்தே நம் ஆள்தான் என்று முடிவுசெய்து அவசரப் பயணச் சான்று எழுதிக் கொடுப்போம். அக்டோபர் வரை ஏர் இந்தியா விமானங்கள் அம்மானிலிருந்து பம்பாய்க்குப் பறந்துகொண்டே இருந்தன.

குவைத்தை விழுங்கியது அநியாயம். டெல்லி அதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தழுவலை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: நாட்டுப் பாதுகாப்பு ராணுவத்தின் வேலை. அதில் தூதருக்கு என்ன பங்கு?
– வாசகர், வேலூர்

அதே குவைத் விவகாரத்தையே பாருங்கள். எண்ணெய் விலை எகிறியது, வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. ஏற்கெனவே தள்ளாடிய நம் அன்னியச் செலாவணி, 1991இல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே காணும் என்ற நிலைக்கு வந்தது. சுமார் 47 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி வெளிநாட்டில் அடகு வைத்தது. யாரும் நம்மீது படையெடுத்து வரவில்லையே! இப்படி ஒன்று வரப்போகிறது என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, டெல்லிக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதி அனுப்புவதுதான் எங்கள் வேலை.

கேள்வி: திருப்பி அடிக்கத் தயங்காதவர்தானே வலிமையான தலைவர்?
– வாசகர், மதுரை

அடிப்பதற்கும் தைரியம் வேண்டும்தான். கார்கிலில் வாஜ்பாய் அடிக்கத்தான் செய்தார். ஆனால் காஷ்மீரில் இந்தியப் பகுதியையும் பாகிஸ்தான் பகுதியையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று படைக்குக் கட்டளையிட்டார். அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிப்ரவரி 1999இல் பஸ் ஏறி லாகூர் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தவர். ஏப்ரலில் ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது. தேர்தல் வருகிறது, நாடு கொதிக்கிறது. அந்த நேரத்தில் ஒரு காபந்து பிரதமர் அப்படிக் கட்டுப்பட்டு நின்றார்.

அதற்கு விலை இருந்தது. சிகரங்களை நேர் கீழிருந்து ஏறிப் பிடிக்க வேண்டியிருந்தது. 500க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தோம். அவர்கள் குடும்பங்களிடம் இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோட்டைத் தாண்டியது யார் என்பதில் உலகத்துக்குக் குழப்பமே இல்லாமல் போனது. ஜூலை 4ஆம் தேதி வாஷிங்டனில் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் படையைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். அமெரிக்க அதிபர் கிளிண்டன் வாஜ்பாயையும் அழைத்தார், அவர் போகவில்லை. போகாததும் நல்ல முடிவு என்பேன்.

கேள்வி: என் மகளுக்கு ஐ.எஃப்.எஸ். ஆசை. பெண்ணுக்குச் சரிப்படாது என்கிறார்கள் உறவினர்கள்.
– வாசகி, கரூர்

சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா 1949லேயே இந்தப் பணிக்கு வந்தவர், அம்மா. பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று அன்று விதியே இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்; 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். மகளை இப்போதே தினமும் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளை வரைபடத்தோடு படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், உறவினர்களுக்கு முத்தம்மாவைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.