ஜிப்மர் வரிசையும் ஆதார் அட்டையும்

கேள்வி: ஜிப்மருக்கு எந்த நாள் போனாலும் கூட்டம். ஓ.பி. வரிசையில் கடலூர், விழுப்புரம் ஆட்களே அதிகம். புதுச்சேரியில் இருக்கும் மருத்துவமனையில் எங்களுக்குத்தானே முதல் இடம்? ஆதாரைப் பார்த்து மற்றவர்களை அவரவர் மாவட்டத்துக்கே திருப்பி அனுப்பினால் என்ன? போதாததற்கு, நம்மைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் படிக்கிற பிள்ளைகள். பெரிய டாக்டரைப் பார்ப்பதே அபூர்வம்.
— வாசகர், வில்லியனூர்

பதில்: அனுப்பக் கூடாது. அனுப்பினால் நஷ்டம் உங்களுக்கும்தான்.

முதலில் அது யாருடைய மருத்துவமனை என்று பார்ப்போம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியில் அதன் வேர் இருக்கிறது, சரி. ஆனால் 1964-ல் அதை முதுநிலை நிறுவனமாக்கியது மத்திய அரசு. 2008-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அறிவித்தது. பண்ருட்டியில் சோப்பு வாங்குகிறவர் கட்டும் வரியும் அதற்குள் போகிறது. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் புதுச்சேரி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு உண்டு. நோயாளிக்கும் அப்படி ஒதுக்கீடு கேட்பது நியாயமில்லை.

நம் ஊரின் அமைப்பையும் யோசியுங்கள். புதுச்சேரி மாவட்டமே விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டிலிருந்து திண்டிவனம் சாலையில் கொஞ்சம் போனாலே தமிழ்நாடு வந்துவிடும். சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வானூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். பாகூர்க்காரர் கடலூரில் பெண் எடுக்கிறார். உங்கள் தெருவிலேயே தமிழ்நாட்டு ஆதாரோடு வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். கடலூர் சாலையில் விபத்தில் விழுந்து கிடப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டுவிட்டா ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவது? உயிருக்குப் போராடுகிறவருக்கு முதலில் சிகிச்சை, மற்ற நடைமுறையெல்லாம் அப்புறம் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

படிக்கிற பிள்ளைகள் தொடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உங்களோடு பெரிய வழக்கு.

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கம் நெல் அறுப்பில் கண்ணாடி விரியன் கடித்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ரத்தத்தில் சில மில்லி எடுத்து, சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது, முறிவு மருந்து உடனே ஏற வேண்டும் என்று அர்த்தம். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாய் என்றால் முடிவு தப்பாகிவிடும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. மருந்து ஏறும்போது சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு திணறும், அதற்கும் ஊசி தயாராக இருக்க வேண்டும். இந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதால், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று ராத்திரி முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் டயாலிசிஸ்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிடலாம். கைக்கு வர வேண்டுமானால் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்பவர்கள் யார்? பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனும் மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரும்தான். அவர்கள் எழுதும் கேஸ் ஷீட்டைக் காலையில் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது வரி வரியாகக் கேட்பார். ஒரு நோயாளியை இத்தனை கண்கள் பார்ப்பது போதனா மருத்துவமனையில்தான் நடக்கும். உங்களைப் பார்ப்பவர் யார், அவருக்கு மேலே யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேராசிரியரிடம் பேச வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நாளை உங்கள் ஊர் வயலில் ஒருவருக்குக் கடி பட்டால், அவரைக் காப்பாற்றும் கைக்குப் பழக்கம் கொடுத்தது அந்தக் குறிஞ்சிப்பாடிக்காரரின் உடம்பு. அவரைத் திருப்பி அனுப்பச் சொல்கிறீர்கள்.

சரி, கடலூர்க்காரர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா கல்லூரிதான் பின்னர் அரசுக் கல்லூரியாக மாற்றப்பட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அங்கே போக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கோரிமேடு அதைவிடப் பக்கம். கடலூர் தலைமை மருத்துவமனையில் முடியாத நோய் என்றால் குடும்பம் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பும்?

அடுத்து உங்கள் பக்கம். ஜிப்மருக்கு எதற்காகப் போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் பார்க்கவும் போயிருந்தால், அந்த வரிசையை நீட்டுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். வில்லியனூரும் அரியாங்குப்பமும் இன்னும் கிராமப்புற உள்ளாட்சிகளான கொம்யூன் பஞ்சாயத்துகள்தான், ஆனால் வயல்கள் மனையாகி, மனைகள் மாடி வீடாகிவிட்டன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. புது நகர்களின் தலைகளை அந்தக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேட்க வார்டு உறுப்பினர்கூட உங்களுக்கு இல்லை. உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகு ஆண்டுக் கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வந்து போக வசதியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை ஓ.பி. வேண்டும். கரிக்கலாம்பாக்கம் போன்ற சமுதாய நலவழி மையங்களில் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இரவிலும் இருக்க வேண்டும். புதுச்சேரி அரசுக்கே கதிர்காமத்தில் 2010 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் டாக்டர்கள் வாரத்தில் சில நாள் வில்லியனூருக்கு வரலாம். பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்று 2020-ல் விதியே வந்துவிட்டது. அதை நம் புறநகர்களுக்கும் பயன்படும்படி செய்யச் சொல்லுங்கள். ஜிப்மரில் ஆபரேஷன் முடிந்தவருக்கு, தையல் பிரிப்பதையும் மாத்திரையையும் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளும்படி சீட்டு எழுதித் தரும் ஏற்பாடும் வேண்டும்.

சுகாதாரத்தைப் பார்க்கும் நம் நலவழித்துறைக்கு மனுவாக எழுதுங்கள். தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், தமிழ்நாட்டு ஆதார் வைத்திருப்பவர்களிடமும். நகல் ஒன்றை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் முழுதாக வெளியிடுகிறோம்.