கொல்லைக் கதவும் குப்பை வண்டியும்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன மாசம் டெல்டா பக்கத்து பழைய வீடுகளைப் பத்தி எழுதினப்ப திண்ணை, ரேழி, முற்றம்னு பக்கம் பக்கமா எழுதிட்டு கொல்லைக் கக்கூஸுக்கு ரெண்டே வரிதான் குடுத்தேன். வந்த லெட்டர்ல முக்கால்வாசி அந்த ரெண்டு வரியைப் பத்தித்தான். சரி, இந்த மாசம் பூரா கொல்லைப்பக்கமே போயிருவோம்.

தாத்தா வீட்டை இடிச்சு கட்டப் போறோம் சார். கொல்லைச் சுவத்துக்கு அடியில ஒரு சின்ன தகரக் கதவு இருக்கு, வெளிப்பக்கமா திறக்குது. அந்தப் பக்கம் ஆள் ஒருத்தர் நடக்கற அகலத்துக்கு ஒரு சந்து. பக்கத்து வீட்டுக்காரர் சந்துல பாதி தன்னுதுங்கறார். அது என்ன கதவு? சந்து யாருக்குச் சொந்தம்?
(வாசகி, கும்பகோணம்)

அம்மா, அது எடுப்பு கக்கூஸ் கதவு. எங்க பாட்டி வீட்டுலயும் இருந்துச்சு, அதனால கண்ணுக்கு முன்னாடியே நிக்குது. ரெண்டு படி ஏறினா கால் வைக்க ரெண்டு கல்லு, நடுவுல ஓட்டை, ஓட்டைக்குக் கீழ ஒரு தகர வாளி, மூலையில ஒரு ஒடைஞ்ச சட்டியில அடுப்புச் சாம்பல். வாளியை எடுக்க வர்றவங்க வீட்டுக்குள்ள காலே வைக்கக்கூடாதுன்னுதான் வெளியிலேர்ந்து திறக்கற மாதிரி கதவு வச்சாங்க, அதுக்குன்னே தெருவுக்கும் தெருவுக்கும் நடுவுல ஒரு சந்து விட்டாங்க. விடிகாலைல சந்துலேர்ந்து "அம்மா, சாம்பல்!"னு ஒரு பொம்பளைக் குரல் வரும், பாட்டி சாம்பலைக் கொட்டி ரெண்டு செம்பு தண்ணி ஊத்துவாங்க, தகரம் கிரீச்சுனு திறக்கும், மூடும், அவ்வளவுதான், அந்த அம்மா மூஞ்சியை நான் பத்து வயசு வரைக்கும் பார்த்ததே இல்ல. தீபாவளிக்கு மட்டும் சந்து முனையில நிப்பாங்க, பாட்டி புடவையைத் திட்டு மேல வச்சுட்டு நகர்ந்துருவாங்க, அப்புறம்தான் அவங்க எடுத்துப்பாங்க.

இதுக்குச் சட்டம் இல்லாம இல்ல, நெறையவே இருந்துச்சு. 1865ல சென்னை மாகாணத்துல நகர அபிவிருத்திச் சட்டம் வந்துச்சு, அதை வச்சு 1866ல தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம், மன்னார்குடின்னு நம்ம பக்கத்து ஊர்கள்ல முனிசிபாலிட்டி ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1871, 1884, 1920னு சட்டத்தை மாத்தி மாத்தி எழுதினாங்க. 1920ல வந்த ஜில்லா முனிசிபாலிட்டி சட்டம்தான் ரொம்ப நாள் ஓடினது, 2023 ஏப்ரல்லதான் அதுக்குப் பதிலா புதுச்சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. அந்த 1920 சட்டத்தைப் படிச்சா ஒவ்வொண்ணுத்துக்கும் விதி இருக்கும்: கக்கூஸ்ல உட்கார்ந்திருக்கிறவர் தெருவுல போறவங்க கண்ணுக்கும் அக்கம்பக்கத்தார் கண்ணுக்கும் படாம மறைப்பு வேணும், சுத்தமா வச்சுக்கணும், கழிவு எடுத்துட்டுப் போற வண்டிக்கு மூடி இருக்கணும், சேர்த்தெடுத்த கழிவு கவுன்சிலோட சொத்து. உட்கார்றவங்க மானத்துக்கு ஒரு மறைப்பு, தெருவுல போறவங்க மூக்குக்கு ஒரு மூடி, மலம் யாருக்குச் சொந்தம்ங்கற வரைக்கும் எழுதினவங்களுக்கு, அதை வாரற கைக்கு என்னன்னு அதே வரிசையில எழுதத் தோணல பாருங்க. தலைமுறை தலைமுறையா ஒரே ஜாதிக்காரங்க தலையில அந்த வேலையைக் கட்டி, சந்துக்கும் அவங்க பேரையே வச்சுக் கூப்பிட்டாங்க, அந்தப் பேரை நான் இங்க எழுதல, உங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்குத் தெரியும். எடுப்பு கக்கூஸைத் தடை பண்ணி மத்திய அரசு சட்டம் போட்டதே 1993லதான், அதுவும் பத்தாம 2013ல இன்னொண்ணு போட வேண்டி வந்துச்சு.

சந்து விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலும் அது முனிசிபாலிட்டி சந்துதான். ஆனா வாய்வார்த்தை எதுக்கு, டவுன் சர்வே பதிவேட்டு நகல் எடுத்துப் பாருங்க, சந்துக்குத் தனி நம்பர் போட்டு நகராட்சி பேர்ல இருந்தா உங்களுக்கும் கிடையாது, அவருக்கும் கிடையாது. கதவை மட்டும் இரும்புக்கடைக்குப் போடாம வச்சுக்குங்க.

கக்கூஸ்ங்கறது தமிழா, உருதா?
(வாசகர், நாகப்பட்டினம்)

ரெண்டும் இல்லீங்க, உங்க ஊர்ல இருந்துட்டுப் போன டச்சுக்காரன் வார்த்தை. அவன் பாஷைல 'கக்ஹவுஸ்'. 1658லேர்ந்து 1781 வரைக்கும் நாகப்பட்டினம் அவன் கையிலதான் இருந்துச்சு. கோட்டை போச்சு, வியாபாரம் போச்சு, இந்த வார்த்தை மட்டும் இங்கயே தங்கிருச்சு.

டவுனுக்கு இவ்ளோ சட்டம் இருந்துச்சே, கிராமத்துக்கு ஏதாவது உண்டா? எங்க ஊர்ல அந்தக் காலத்துல குப்பையே கிடையாதுன்னு அப்பா சொல்றாரு.
(வாசகர், வலங்கைமான் பக்கம்)

உங்க அப்பா சொல்றது பாதி நிஜம். சட்டம்னு பார்த்தா 1884லயே கிராமத்துக்குன்னு தனியா லோக்கல் போர்டு சட்டம் வந்துச்சு. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதுக்கும் கீழ கொஞ்சம் பெரிய கிராமங்களைச் சேர்த்து யூனியன், யூனியனுக்கு ஒரு பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்து வீட்டு வரி வசூல் பண்ணி தெருவிளக்கு, தெரு கூட்டறது, கிணறு குளத்தைப் பார்த்துக்கறதுன்னு செலவு பண்ணணும். பின்னாடி வந்த பஞ்சாயத்துச் சட்டங்கள்ல எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு உண்டு: இந்தக் குளம் குடிக்க, இது குளிக்க, இது மாடு கழுவ, துணி துவைக்கன்னு பிரிச்சு ஒதுக்கற அதிகாரம் பஞ்சாயத்துக்கு இருக்கு. குளக்கரையில பழைய பலகை நிக்கறதைப் பார்த்திருப்பீங்க.

மத்தபடி குப்பை. நம்ம பக்கம் குப்பைன்னாலே எருதான், "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா"ன்னுதானே கேப்பாங்க. சாணி, வைக்கோல் கழிவு, சாம்பல், சருகு எல்லாம் கொல்லை எருக்குழிக்குப் போயிரும், வாழை இலை மாட்டுக்குப் போயிரும், கோடையில வண்டி கட்டி வயல்ல கொட்டுவாங்க, மேட்டூர்த் தண்ணி வர்றதுக்குள்ள உழவோட கலந்துரும். தூக்கிப்போட ஒண்ணுமே மிஞ்சல, அதனால விதியும் தேவைப்படல. ஆனா மனுஷக் கழிவுக்கு இந்தக் கதை பொருந்தாது. அதுக்கு ஆத்தங்கரையும் வாய்க்கால் கரையும்தான், பொம்பளைங்களுக்கு இருட்டறதுக்கு முன்னாடியோ விடியறதுக்கு முன்னாடியோ, நடுவுல வயித்தைக் கலக்கினா அவ்வளவுதான். உங்க அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க, அந்தக் காலம் எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு.

ஊர்க் குப்பையைக் கொட்டற இடத்துக்கு ஏன் உரக்கிடங்குன்னு பேரு? உரமும் இல்ல ஒண்ணும் இல்ல, புகைதான் வருது.
(வாசகர், தஞ்சாவூர்)

ஒரு காலத்துல நிஜமாவே உரம் பண்ணினாங்க சார். நீளமா பள்ளம் வெட்டி, ஒரு அடுக்கு குப்பை, ஒரு அடுக்கு மலம், திரும்ப குப்பை, மேல மண்ணைப் போட்டு மூடிருவாங்க, சில மாசத்துல மக்கி கறுப்பு மண்ணா வந்துரும், நாத்தமே இருக்காது. முனிசிபாலிட்டி அதை விவசாயிங்களுக்கு வித்து காசு பார்த்துச்சு. கழிவு கவுன்சிலோட சொத்துன்னு சட்டத்துல எழுதினது சும்மா இல்லன்னு இப்பப் புரியுதுல்ல? அப்புறம் மூட்டையில யூரியா வந்துச்சு, பிளாஸ்டிக் வந்துச்சு. பிளாஸ்டிக் கலந்த எருவை எந்த விவசாயி வாங்குவாரு? பேரு மட்டும் போர்டுல நிக்குது.

சோழர் காலத்துலயே வீட்டுக்கு வீடு கழிவு விதி இருந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வருதே?
(வாசகர், திருவையாறு)

வாட்ஸ்அப்ல வராததா. உத்திரமேரூர்க் கல்வெட்டுல ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு கமிட்டி இருந்தது நிஜம், ஆனா அது காஞ்சிபுரம் பக்கம், பேச்சு பூரா தண்ணியையும் ஊர் நிர்வாகத்தையும் பத்தினது. அதைக் கக்கூஸ் வரைக்கும் இழுக்காதீங்க.

2028ல மகாமகம் வருது. இவ்ளோ கூட்டத்துக்கு அந்தக் காலத்துல கக்கூஸ், குப்பைச் செலவெல்லாம் யார் பார்த்தாங்க? கோயிலா, முனிசிபாலிட்டியா?
(வாசகர், பாபநாசம்)

ஏற்பாடு முனிசிபாலிட்டிது. ஆனா 1920 சட்டத்துலயே ஒரு கொக்கி வச்சிருந்தாங்க: கோயிலோ மடமோ பள்ளிவாசலோ, திருவிழான்னு கூட்டம் கூட்டற இடமா இருந்தா அதோட தர்மகர்த்தா முனிசிபாலிட்டி நிதிக்குப் பங்கு குடுக்கணும்னு உத்தரவு போடலாம். எனக்கு இது நியாயமாத்தான் படுது. அந்தக் காலத்துல திருவிழான்னாலே வாந்திபேதி பயம். ஜனங்க ஆத்துமணல்லயே படுத்து, அங்கயே ஒதுங்கி, அதே தண்ணியைக் குடிச்சா காலரா வராம என்ன பண்ணும், வந்தவங்க அதை அவங்கவங்க ஊருக்கும் எடுத்துட்டுப் போவாங்க. 1939ல வந்த சென்னை பொது சுகாதாரச் சட்டத்துல சந்தை, திருவிழாவுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. ஓரமா குழி வெட்டி, தட்டி கட்டி, மண்ணு போட்டு மூடற தற்காலிகக் கக்கூஸ், பிளீச்சிங் பவுடர், காலரா ஊசி. ஊசின்னதும் சுவரேறிக் குதிச்சு ஓடினவங்க கதை எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்.

கும்பகோணத்துல யானைக்கால் வியாதி அதிகமா இருந்ததுக்கும் சாக்கடைக்கும் சம்பந்தம் உண்டா?
(வாசகி, மயிலாடுதுறை)

நேர்ச் சம்பந்தம்மா. யானைக்காலைப் பரப்பற கொசு, டெங்கு கொசு மாதிரி நல்ல தண்ணி தேடாது, சாக்கடை, மூடாத செப்டிக் டேங்க், தேங்கின அழுக்குத் தண்ணி, இதுலதான் முட்டை போடும். டெல்டா பூமி சப்பட்டை, தண்ணி ஓட வாட்டம் கிடையாது, ஐப்பசி கார்த்திகைல நிலத்தடித் தண்ணி தரைமட்டத்துக்கே வந்துரும், கேக்கணுமா. அதனாலதான் 1939 சட்டத்துல கொசுவுக்கும் தனியா ஒரு பகுதி வச்சாங்க, வீட்டுல கொசு உற்பத்தியாகற மாதிரி தண்ணி தேங்க விட்டா வீட்டுக்காரர்தான் பொறுப்பு. வீட்டுக் கழிவுத் தண்ணியைத் தெருவுல விடக்கூடாதுன்னு முனிசிபல் சட்டத்துல அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு. எங்க தாத்தாவுக்கு ஒரு தடவை அதுக்கு நோட்டீஸ் வந்து, சைக்கிள்ல வந்த சானிட்டரி இன்ஸ்பெக்டரைத் திண்ணையில உட்கார வச்சு மோர் குடுத்துப் பார்த்தாரு, அவர் மோரைக் குடிச்சுட்டு, ஏழு நாள்தான் டயம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்புறம் கொல்லைல குழி வெட்டி ஒடைகல்லு போட்டு, ஓரத்துல கல்வாழை வச்சு அடுக்களைத் தண்ணியை அதுல விட்டோம். நான் இப்ப இருக்கற ஊர்ல ரோட்டை மேல மேல ஒசத்தி, சாக்கடை எங்க வாசப்படியை விட ஒரு அடி மேல இருக்கு, மழை பேஞ்சா சாக்கடை வீட்டுக்குள்ள வருது. யாரு யாருக்கு நோட்டீஸ் குடுக்கறது சொல்லுங்க.

செப்டிக் டேங்க் லாரிக்காரங்க ராத்திரில வாய்க்கால்ல ஊத்திட்டுப் போறாங்க சார். பழைய சட்டமோ புதுச் சட்டமோ, ஏதாவது வேலைக்கு ஆகுமா?
(வாசகர், மன்னார்குடி பக்கம்)

பழசுல ஒரு வேடிக்கை இருக்கு. 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல பொது ஊற்று, நீர்த்தேக்கத்தை அசுத்தம் பண்ணினா 3 மாசம் ஜெயில் இல்லேன்னா 500 ரூபா அபராதம்னு இருந்துச்சு. ஆனா ஓடற ஆறு 'ஊற்று' ஆகாதுன்னு சென்னை ஹைகோர்ட்டோட பழைய தீர்ப்பு உண்டு. ஓடற தண்ணியைத் தவிர வேற என்ன இருக்கு நம்ம ஊர்ல! அதனால அந்தப் பக்கம் போகாதீங்க. லாரிக்கு லைசென்ஸ் இருக்கணும், எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்துலதான் கொட்டணும், அதைப் பிடிச்சுக்குங்க. லாரி நம்பர், தேதி, மணி, இடம் நாலும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து உள்ளாட்சி ஆபீஸ், கலெக்டர் குறைதீர் நாள் ரெண்டு இடத்துலயும் மனு குடுத்து ரசீது வாங்குங்க. இன்னொண்ணு, உங்க வீட்டு டேங்க்ல லாரி பைப்பு எட்டலேன்னு யாராவது ஆளை உள்ள இறக்கறேன்னு சொன்னா விடவே விடாதீங்க. மனுஷனை வச்சுக் கழிவு அள்ளறதைத் தடை பண்ணின 2013 சட்டப்படி அது குற்றம். உள்ள விஷவாயு, ரெண்டு நிமிஷம் போதும் உசுரு போக. இப்படிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு சுப்ரீம் கோர்ட் 2014ல சொல்லுச்சு, 2023ல அதை 30 லட்சமாக்குச்சு. மனு குடுத்த ரசீது நகலை எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, ரெண்டு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு இதே பக்கத்துல போடறேன்.