தத்துக் குழந்தையும் அமெரிக்கப் படிவங்களும்: சில கேள்விகள்

ஐ-800ஏ படிவத்தோடு (வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க நமக்குத் தகுதி உண்டா என்று ஒப்புதல் கேட்கும் விண்ணப்பம்) செக் வைத்து அனுப்பினோம். உறை அப்படியே திரும்பி வந்துவிட்டது. என்ன தவறு?

செக்தான். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு தபாலில் வரும் விண்ணப்பங்களுக்கு யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) செக்கோ மணி ஆர்டரோ வாங்குவதில்லை. கிரெடிட் கார்டில் கட்டினால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650. கட்டணம் 920 டாலர். மறுபடி அனுப்பும் முன் ஹோம் ஸ்டடியில் (உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் ஆராய்ந்து எழுதிய அறிக்கை) கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. உறை போய்த் திரும்பிய வாரங்களிலேயே பலருக்கு இந்தக் கெடு தாண்டிவிடுகிறது.

நான் அமெரிக்கக் குடிமகன். ஊருக்குப் போனபோது அக்கா மகனைத் தத்தெடுத்து, பத்திரமும் பதிவு செய்துவிட்டோம். அடுத்து எந்தப் படிவம்?

கேட்கச் சங்கடமான பதில்தான். இந்தியாவும் அமெரிக்காவும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2008 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. சொந்த அக்கா மகன் என்பதால் விலக்கு கிடையாது. முதலில் ஐ-800ஏ ஒப்புதல், பிறகு காரா (இந்திய அரசின் மத்திய தத்து அமைப்பு) வழியாகக் குழந்தையின் ஆவணங்கள், அந்தக் குழந்தைக்கான ஐ-800 மனுவுக்குத் தற்காலிக ஒப்புதல், அதற்கப்புறம்தான் தத்து. நீங்கள் கடைசிப் படியில் ஆரம்பித்துவிட்டீர்கள்.

தற்காலிக ஒப்புதலுக்கு முன்பே தத்து முடிந்திருந்தால் ஐ-800-ஐ நிராகரிப்பார்கள். அந்தத் தத்தைச் சட்டப்படி ரத்து செய்துவிட்டு முறைப்படி மறுபடி தொடங்குவது ஒரு வழி. இன்னொன்று, பையனோடு அமெரிக்காவுக்கு வெளியே இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்து, சட்டப்படியான பொறுப்பும் உங்களிடம் இருந்தால் ஐ-130 (உறவினரை அழைத்துவரும் மனு). வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு போய் உட்கார எத்தனை பேரால் முடியும்? எதைத் தேர்ந்தாலும் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டாமல் ஒரு காகிதமும் அனுப்பாதீர்கள். பத்திரத்தை மறைத்து ஐ-800 போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஐ-800ஏ ஒப்புதல் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. நடுவில் வீடும் மாறிவிட்டோம்.

சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள். நீட்டிப்புக்கான சப்ளிமென்ட் 3 என்ற இணைப்புப் படிவத்தைக் கடைசி 90 நாளுக்குள், ஒப்புதல் காலாவதியாகும் முன் போட வேண்டும். முன்பு முதல் நீட்டிப்பு மட்டும் இலவசம்; 2024 ஏப்ரல் முதல் இரண்டாவதும் இலவசம். புதிய வீட்டையும் சேர்த்து ஹோம் ஸ்டடியைப் புதுப்பித்து வாங்கி, இரண்டையும் ஒன்றாக அனுப்பிவிடுங்கள்.

மகள் ஐஎச்-3 விசாவில் (தத்து வெளிநாட்டிலேயே முடிந்த குழந்தைக்கானது) வந்தாள். குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம், தபாலில் வரும். ஐஎச்-4 (தத்தை அமெரிக்காவில் முடிக்க வேண்டிய குழந்தைக்கான விசா) என்றால் இங்கே தத்தை முடித்துவிட்டு, குடியுரிமைச் சான்றிதழுக்கான என்-600 போட வேண்டும். இப்போது தத்துப் பிள்ளைகளுக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

ஹெய்ட்டியில் குழந்தை பார்த்துவிட்டோம். சில நாட்டவர்மீது அமெரிக்கா விதித்த பயணத் தடையில் தத்துக்கு விலக்கு உண்டு என்றார்களே?

அமெரிக்க அதிபரின் 2025 ஜூன் ஆணையில் இருந்தது. டிசம்பர் ஆணை அதை நீக்கிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் விலக்கு இல்லை. ஜனவரிக்கு முன்பே கொடுத்த விசா செல்லும். மற்றவர்களுக்குத் தேசிய நலன் என்ற பெயரில் தனித்தனியாகப் பார்த்துத்தான் விசா தருவார்கள். விசா கையில் வரும்வரை பயணச் சீட்டு வாங்காதீர்கள்.