பழைய லேத் (கடைசல் மெஷின்): எந்த உதிரிபாகத்தை வாங்கி வைக்கலாம், எதை விடலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டறைக்காரர்கள் கேட்டவையும் பதில்களும்.

ஆலை ஃபிட்டர்: அண்ணே, தோட்டத்துப் பட்டறையில கிடந்த கொல்செஸ்டர் லேத்தை (பிரிட்டிஷ் மெஷின்) எடுத்திருக்கோம். ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றுற தலைப்பெட்டி) பேரிங் ஒரு செட் இப்பவே வாங்கிடலாமா?

வேணாம் தம்பி. பழைய எண்ணெயை வடிச்சு, கழுவி, புது எண்ணெய் விட்டுக் குறைஞ்ச வேகத்துல அரை மணி நேரம் ஓட்டுங்க. பிறகு ஸ்பிண்டில் (சுழலுற முதன்மைத் தண்டு) வாயின் உள்டேப்பர்ல, அதாவது சரிவான உள்துளையில, டயல் கேஜ் வைங்க. 0.01 மி.மீ.க்குள்ள ஆடினா பேரிங்கைத் தொடாதீங்க. சக்குக்கு (வேலைப்பொருளைப் பிடிக்கிற தலை) அடியில மரக்கட்டை கொடுத்து நெம்பும்போது ஸ்பிண்டில் தூக்கினா, முதல்ல பேரிங் நட்டை இறுக்கிச் சரிபண்ணிப் பாருங்க.

காசை ஆயில் சீல்ல (தண்டைச் சுத்தி எண்ணெய் கசியாம தடுக்குற ரப்பர் வளையம்) போடுங்க. 35×52×7னு சீல்லயே இருக்கும்: தண்டு, வெளிவிட்டம், அகலம். எண் அழிஞ்சிருந்தா தண்டையும் குழியையும் வெர்னியர்ல அளங்க. பழைய ரப்பர் உதட்டை அளந்தா ஏமாந்துடுவீங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாங்குங்க. மாட்டும்போது கீவே (தண்டுல சாவி உட்காருற பள்ளம்) விளிம்பு ஒண்ணைக் கிழிச்சிடும். கீவே மேல டேப் சுத்திட்டு மாட்டுங்க.

வி-பெல்ட் ஒரு டஜன் மலிவா கிடைக்குது?

ஓடுறது ஒரு செட், அலமாரியில ஒரு செட். நம்ம ஊர்ச் சூட்டுக்குச் சும்மா கிடக்குற ரப்பரும் வெடிக்கும். மேல்அகலம் 13 மி.மீ. இருந்தா ஏ, 17 இருந்தா பி. ரெண்டு மூணு பெல்ட் சேர்ந்து ஓடுற இடத்துல மொத்தமா மாத்துங்க.

ஹெட்ஸ்டாக் பேரிங் வாங்கி வைக்கலாமா?

முதல் பதில்.

அரை அங்குல போல்ட் ரெண்டு சுத்துல நின்னுடுது.

பழைய பிரிட்டிஷ் மெஷின்ல விட்வர்த் திரெட், அங்குலத்துக்கு 12. உங்க கையில இருக்குறது யூ.என்.சி. (அமெரிக்க திரெட்), 13. 3/8ல ரெண்டுமே 16ங்கிறதால உள்ள போயிடும். ஆனா திரெட் கோணம் ஒண்ணு 55 டிகிரி, இன்னொண்ணு 60. திரெட் கேஜ் வைக்காம ஸ்பேனரை எடுக்காதீங்க.

லீட்ஸ்குரூ (வெட்டுளி வண்டியை நகர்த்துற நீளத் திருகு) ஷியர் பின் எத்தனை?

பித்தளையில பத்து கடைஞ்சு வைங்க. இரும்பு போடாதீங்க.

நான் ரொம்ப வருஷமா இரும்பு போல்ட் போட்டுத்தான் ஓட்டுறேன். ஒண்ணும் ஆகலையே?

ஐயா, சேடில் (அந்த வெட்டுளி வண்டி) இன்னும் சக்குல முட்டலை, அவ்வளவுதான். முட்டுற அன்னிக்கு பின் ஒடியலைன்னா கியர் பல்லு போகும், இல்ல லீட்ஸ்குரூ வளையும். ஒடியறதுக்குன்னே வச்ச பின் அது.

பித்தளை வாரம் ஒண்ணு ஒடியுது, என்ன செய்ய?

அப்போ குறை வேற இடத்துல. கிப் (சேடில் ஆட்டத்தைச் சரிபண்ணுற பட்டை) இறுக்கமா இருக்கா, பெட் (சேடில் ஓடுற தடம்) எண்ணெய் இல்லாம காய்ஞ்சிருக்கா, ஹாஃப் நட்ல (லீட்ஸ்குரூவைக் கவ்வுற நட்டு) உலோகச் சுருள் சிக்கியிருக்கான்னு பாருங்க. பின் ஓட்டை முட்டை வடிவமாயிருந்தா அடுத்த சைஸுக்கு ரீமர் (ஓட்டையைச் சீராக்குற கருவி) போட்டு, பெரிய பின் கடைங்க. வெட்டுப்படுற இடத்துல மட்டும் பழைய விட்டத்துக்குக் கழுத்து எடுங்க. இல்லன்னா பின் தடிச்சு, மறுபடி கியர்தான் பலி.

வெல்டிங் ராடை நறுக்கிப் போடலாமா?

அதுவும் இரும்புதான்!

அங்குல லீட்ஸ்குரூ லேத்ல மில்லிமீட்டர் திரெட் வெட்ட 127 பல் கியர் அவசியமா?

ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை அஞ்சால பெருக்கினா 127. நீளமான திரெட்டுக்கு அதுதான் சரி. 63 பல் கியரை வச்சுச் சமாளிச்சா 100 மி.மீ.க்கு 0.0125 மி.மீ. பிசகும். சாதாரண போல்ட்டுக்கு அது போதும்.

மோட்டார் 415 வோல்ட், வீட்ல ஒரே ஃபேஸ்.

பெயர்த்தகட்டைப் படம் எடுத்துட்டு வயர்மேனைப் பாருங்க.

ஈப்போவுல பேரிங் மலிவா வருது அண்ணே, ஒரு செட்...

எண்ணெய் மாத்தியாச்சா? டயல் எவ்வளவு காட்டுச்சு?