குடிக்குக் குளிசை: வந்த கடிதங்களும் பதில்களும்

குடியை விடுவதற்கான மருந்துகளைப் பற்றிச் சென்ற முறை எழுதினேன். அதன் பிறகு தன்பாலீர்ப்பு ஆண்களும் திருநங்கைகளும் அவர்களின் வீட்டாரும் எழுதிய கடிதங்கள் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டு இங்கே தருகிறேன்.

டொக்டர், கிழமை நாளில் நான் தொடுவதே இல்லை. சனிக்கிழமை பொடியள் சேர்ந்தால் அரைப் போத்தல் தாண்டும். பிறகு நடந்தது ஒன்றும் நினைவில் இருக்காது. இதற்கும் நாள்தோறும் குளிசை போட வேணுமா? (கிளிநொச்சி)

அரைப் போத்தல் சாராயத்தில் 100 கிராம் அளவு மதுசாரம் இருக்கிறது தம்பி. "சனிக்கிழமை மட்டும்" என்பது ஈரலுக்குத் தெரியாது. குடி ஆசையைக் குறைக்கும் நல்ட்ரெக்சோன் என்ற குளிசை, 50 மில்லிகிராம், வழமையாக நாளுக்கு ஒன்று. குடிக்கத் தோன்றும் நாளில் மட்டும், முதல் கிளாசுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு போடும் முறையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் உங்களைப் போன்ற ஆண்கள் 120 பேரிடம் 12 கிழமை இதைச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். அளவு மீறிக் குடித்த நாட்கள் குறைந்தன, மருந்து நின்ற பிறகும் சில மாதம் அந்தக் குறைவு நீடித்தது. இந்தக் குளிசை குடியின் சுகத்தைக் குறைக்கும், வெறியைத் தடுக்காது. குளிசை போட்ட தைரியத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். ஈரல் சோதனை செய்யாமல் தொடங்கவும் வேண்டாம்.

குடியை விட நல்ல குளிசை ஒன்றின் பெயரைச் சொல்லவும். பாமசியில் வாங்கலாமா? (பெயர், ஊர் இல்லை)

வயது இல்லை, எவ்வளவு குடி என்று இல்லை, வேறு என்ன வருத்தம் என்று இல்லை. செருப்புக் கடையில்கூடக் கால் அளவு கேட்பார்கள். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

நான் திருநங்கை, ஹோர்மோன் எடுக்கிறேன். குடிக்கு மருந்து கேட்டுப் போனால் "முதலில் அதை நிறுத்து" என்பார்களோ என்று பயம். பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கும் பிரச்சினை வருமாம். (வவுனியா)

காய்ச்சலுக்குப் போன திருநங்கையிடம் காய்ச்சலைத் தவிர மற்றதெல்லாம் கேட்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ட்ரெக்சோனுக்காகப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனை நிறுத்தத் தேவையில்லை தங்கச்சி. பார்க்க வேண்டியது ஆண் ஹோர்மோனைத் தடுக்க உடன் எடுக்கும் மற்றக் குளிசையை. சைப்ரோடெரோன் என்றால் அதுவே ஈரலைத் தாக்கக்கூடியது, அதன் மேல் சாராயமும் என்றால் அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். ஸ்பைரனோலக்டோன் என்றால் சலம் கூடப் போகும், பிரசர் இறங்கும். குடித்துவிட்டு எழும்பும்போது தலை சுற்றி விழுபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். ஒருவரையும் கேட்காமல், ஹோர்மோனுக்காகக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை நாளுக்கு மூன்று நான்கு என்று போடுபவர்களுக்கு: இரத்தம் கட்டிக் கால் வீங்கி வந்த பிறகு ஏசுவதில் பயனில்லை, இப்போதே ஏசுகிறேன். சிகரெட்டும் பிடித்தால் ஆபத்து இன்னும் கூட.

சான்றிதழ் விடயம். 2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி அதற்கு மனநல வைத்திய நிபுணரின் மதிப்பீடு வேண்டும். குடிக்கு மருந்து எழுதுபவரும் பெரும்பாலும் அவரேதான். அதனால்தான் பலர் அவரிடம் குடியை மறைக்கிறார்கள். குடிக்குச் சிகிச்சை எடுப்பது சான்றிதழுக்குத் தடை அல்ல. போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

2009இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் இடுப்பில் இருக்கிறது. நோவுக்கு ட்ரமடோல் போடுகிறேன். என்னோடு இருப்பவர் நல்ட்ரெக்சோன் நல்லது என்கிறார். (புதுக்குடியிருப்பு)

உங்களுக்கு வேண்டாம். ட்ரமடோல், கொடேயின், மோர்பின் எடுப்பவர் நல்ட்ரெக்சோன் போட்டால் நோ மருந்து வேலை செய்யாது. உடல் முறுக்கி, வாந்தி வயிற்றோட்டம் என்று ஒரு நாள் முழுக்க உருள வேண்டி வரும். ட்ரமடோலை விட்டு 7 முதல் 10 நாள் கழிந்த பிறகே அதை யோசிக்கலாம். வன்னியில் இதை எத்தனை முறை எழுதினாலும் போதாது, உடலில் துண்டோடு இருப்பவர்கள் அத்தனை பேர். உங்களுக்குக் குடிக்கான இன்னொரு மருந்தான அகம்ப்ரொசேட் பொருந்தலாம்: 333 மில்லிகிராம் குளிசை, இரண்டிரண்டாக மூன்று வேளை. அது சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்து. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் பரவலாக இருப்பதால் கிரியேட்டினின் என்ற சிறுநீரக இரத்தச் சோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது.

தம்பிக்கு 26 வயது. அவனுக்கு ஆம்பிளையளோடதான் நாட்டம், அதோடு குடியும். அம்மா ஒவ்வொரு நாளும் அழுகிறா. டைசல்பிராம் எடுத்து வைத்திருக்கிறோம். தெரியாமல் தேத்தண்ணிக்குள் எவ்வளவு கலக்க வேணும்? குடி நின்றால் மற்றதும் தானாக மாறிவிடும்தானே? (மல்லாவி)

கலக்காதீர்கள். இன்றைக்கே அதை அப்புறப்படுத்துங்கள்.

டைசல்பிராம் குடி ஆசையைக் குறைக்கும் மருந்து அல்ல. அதைப் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, பிரசர் விழும். குடித்தால் இப்படி வரும் என்று தெரிந்திருப்பதால்தான் ஒருவர் குடிக்காமல் இருப்பார். மருந்தின் முழுப் பலனும் அப்படித் தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது. தெரியாமல் கொடுத்தால் உங்கள் தம்பி வழமை போலக் கசிப்போ பியரோ குடிப்பார், ஏன் சாகிற மாதிரி வருகிறது என்று தெரியாமல் றோட்டில் கிடப்பார். இதயம் பலவீனமானவர்கள் இறந்தும் போகலாம். கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து இருக்கும். விரும்பிப் போடுபவரும் கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலமாவது கழிந்த பிறகே தொடங்க வேண்டும். பெயரில்லாத "குடி மறக்கும் பவுடர்" விற்பவர்களைப் பற்றி எழுதினால் பத்திரிகை நாகரிகம் கெட்டுவிடும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கூடக் கோபம் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது 1990இல், உங்கள் தம்பி பிறப்பதற்கு முன்பு. குடியை விட்ட ஆண்கள் பலரை எனக்குத் தெரியும். விட்டதால் பெண்ணில் நாட்டம் வந்தவர் ஒருவரும் இல்லை. பலருக்குக் குடி பிடித்ததே வீட்டில் ஒளித்து ஒளித்து வாழ்ந்ததில், பெண் பார்க்கப் போகும் முதல் நாள் இரவில். இப்படியான வீடுகளால் வரும் கெடுதல் அந்த வீட்டோடு நிற்பதும் இல்லை. "குளிசை தாறது குடிக்கு இல்லை, எங்களை மாத்தத்தான்" என்ற கதை தன்பாலீர்ப்பு ஆண்களிடையே பரவி, தேவையானவர்களும் கிளினிக் பக்கம் வருவதில்லை. நல்ட்ரெக்சோன் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பொடியன் என்னிடம் கேட்டது: "டொக்டர், இது எதை நிப்பாட்டுற குளிசை?" பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை அவனோடு சேர்ந்து வாசித்த பிறகுதான் முதல் குளிசையை விழுங்கினான்.

தம்பியோடு குடியைப் பற்றி மட்டும் கதையுங்கள். அவர் விரும்பினால் வரட்டும். கூட வந்தால் நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள்.

மனத்திடம் இருந்தால் குளிசை எதற்கு? மருந்தும் ஒரு போதைதானே? (மன்னார்)

இல்லை. நல்ட்ரெக்சோனிலும் அகம்ப்ரொசேட்டிலும் வெறி இல்லை, அடிமையாவதும் இல்லை. சீனி வருத்தக்காரரிடம் மனத்திடத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதே நேரம் இவை மந்திரமும் அல்ல: ஏறத்தாழ 12 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகப் பலன் கிடைக்கும். பிரசர் குளிசையின் கணக்கு இதைவிட மோசம், அதை எல்லோரும் போடுகிறார்கள்.

கந்தசஷ்டிக்கு ஒரேயடியாக விட்டேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. முருகன் சோதிக்கிறாரா? (ஒட்டுசுட்டான்)

முருகனை விடுங்கள். நாள்தோறும் குடிப்பவர் சடுதியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். இதற்கு நல்ட்ரெக்சோன் உதவாது. வார்டில் படுத்து, டயசிபாம் வகை மருந்தோடும் தயமின் (விற்றமின் B1) ஊசியோடும் குறைக்க வேண்டும். அடுத்த விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே வாருங்கள்.

எச்.ஐ.வி. குளிசையோடு நல்ட்ரெக்சோன் போடலாமா?

போடலாம். டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு முரண் இல்லை. வெறியில் அந்தக் குளிசையைத் தவற விடுவதுதான் ஆபத்து.

நான் ஆண்களோடு பழகுபவன் என்று கிளினிக் கொப்பியில் எழுதுவார்களா? பொலிசுக்குப் போகுமா? (பரந்தன்)

தன்பாலுறவைக் குற்றமாக்கும், வெள்ளைக்காரன் விட்டுப்போன 365அ பிரிவை நீக்குவது அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆனாலும் பிரிவு அகலவில்லை, ஆகவே பயம் நியாயம். குடிக்கு மருந்து எழுத உங்கள் நாட்டம் கொப்பியில் தேவையில்லை. "இதை எழுத வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நேரில் வருமுன் கதைக்க விரும்பினால் 1926 என்ற தேசிய மனநல இலக்கம் இருக்கிறது, பெயர் சொல்லாமலே கதைக்கலாம்.

டைசல்பிராம் நானாக விரும்பிப் போடுகிறேன். அரிட்டம் குடித்தாலும் முகம் சிவக்கிறதே? (நெடுங்கேணி)

அரிட்டத்திலும் மதுசாரம் உண்டு. இருமல் பாணி சிலவற்றிலும் உண்டு. அரிட்டத்தை நிறுத்திவிட்டு, போத்தலையும் குளிசைகளோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.