ஹீட்டர் கோர் ஒழுகுகிறதா? டேஷ்போர்டைக் கழற்றும் முன் பாருங்கள்

ஏற்காட்டில் பனி இறங்க ஆரம்பித்தால் எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகளாக வரும். சேலம் வெயிலில் வருடம் முழுக்க ஹீட்டர் பக்கம் கையே போகாது, மலை ஏறும்போதுதான் அந்தக் குமிழைத் திருப்புவோம், கோளாறும் அப்போதுதான் தெரியும். இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: அண்ணா, என்னுடையது பழைய மாருதி ஸென். அடிவாரம் வரை ஒன்றுமில்லை. ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு தாண்டி ஹீட்டரைப் போட்டதும் முன்கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது, துடைத்தாலும் போகவில்லை. (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: துடைத்த துணியை முகர்ந்து பாருங்கள். வெறும் பனி ஈரம் என்றால் துடைத்ததும் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் திரவம்) ஆவி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் இழுவிக்கொண்டே வரும், லேசாக இனிப்பு வாசனையும் அடிக்கும். ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும், ஃபேன் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். பழைய வண்டிகள் பலவற்றில் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பினால்தான் வால்வு திறந்து தண்ணீர் உள்ளே போகும், அதனால் கீழே தெரியாத ஒழுகல் மலையில் தெரிகிறது. வீட்டு வாசலிலேயே இன்ஜினைச் சூடேற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி 10 நிமிடம் விடுங்கள். அதே படலம் வந்தால் சந்தேகம் கோர் மேல்தான்.

கேள்வி: குவாலிஸில் இடது பக்க மிதியடி நனைந்தே கிடக்கிறது. கோர் போய்விட்டது, டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (கொண்டலாம்பட்டி வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இதே பேச்சைக் கேட்டு, வேறொரு பட்டறையில் டேஷ்போர்டு முழுக்கக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தார். கோரில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாயில் மண் அடைத்திருந்தது, ஒரு கம்பியை விட்டுக் குடைந்ததும் சேறும் ஒரு டம்ளர் தண்ணீருமாகக் கொட்டியது, அவ்வளவுதான். அவர் கொடுத்த இரண்டு நாள் கூலி போனது போனதுதான்.

அதனால் முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தை அந்த ஈரத்தில் ஒற்றி எடுங்கள். ஏசி தண்ணீர் நிறமில்லாமல், வாசனை இல்லாமல் இருக்கும். கூலண்ட் பச்சையோ சிவப்போ காட்டும், விரலில் வழுக்கும். நீங்கள் கூலண்ட் ஊற்றாமல் போர் தண்ணீரே ஊற்றுபவர் என்றால் துருக் கறை தெரியும். அப்புறம் இரண்டு நாள் ஏசியே போடாமல் ஓட்டுங்கள். மிதியடி காய்ந்தால் கோர் குற்றவாளி இல்லை. காயாமல், பானட்டுக்குள் இருக்கும் கூலண்ட் டப்பாவில் அளவும் குறைந்தால், இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றச் சொல்லுங்கள். நிறைய மூடிகளில் 0.9 என்று இருக்கும். அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல கோரும் பிளந்துவிடும். கால் மணி நேரத்தில் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அப்போதும் கோரை விட்டுவிட்டு, இன்ஜின் பக்கத் தகட்டில் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களின் கிளிப்பைத் தடவிப் பாருங்கள். அங்கே கசிந்தாலும் தண்ணீர் தகட்டு ஓட்டை வழியாக உள்ளே வந்து மிதியடியைத்தான் நனைக்கும்.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: நடுவழியில் நின்றுபோய், வீடு வந்து சேர வேறு வழியில்லாதபோது லாரிக்காரர்கள் செய்யும் வேலை அது. ஹீட்டர் கோரின் குழாய்கள் ரொம்ப மெல்லியவை, ஓட்டையை அடைக்கும் பொருள் நல்ல குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் அடைப்புத் திரவமும் அப்படித்தான். வேண்டாம்.

கேள்வி: கோர் ஒழுகுவது உறுதி, இப்போது மாற்றப் பணமில்லை. ஹீட்டரே வேண்டாம் என்று துண்டித்துவிடலாமா? (ஓமலூர் வாசகி)

பதில்: தாராளமாக, தற்காலிகமாகச் செய்யலாம். இரண்டு ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி, சரியான அளவுக் குழாய் ஒன்றை நடுவில் வைத்து இணைத்து, கிளிப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். முனைகளை அடைத்துவிடக் கூடாது, சில இன்ஜின்களுக்கு அந்தச் சுற்று ஓட்டம் தேவை. பிறகு காற்றுக் குமிழ் இல்லாமல் கூலண்ட் நிரப்ப வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்து சூட்டை இறக்கும் வழி உங்களுக்கு இனி இருக்காது. பனிக் காலத்தில் அந்த வண்டியில் ஏற்காடு போகாதீர்கள், கண்ணாடி மங்கினால் 20 வளைவு ரோட்டில் எதிரே வரும் பஸ் தெரியாது.

கேள்வி: கூலண்ட் குறைகிறது, எங்குமே ஈரமில்லை.

பதில்: கோரை மறந்துவிட்டு ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் தலைப் பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டைப் பாருங்கள். சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, டப்பாவில் விடாமல் குமிழ் வந்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போங்கள்.

கேள்வி: மிதியடியில் கூலண்ட் ஊறியிருக்கிறது. பின்சீட்டில் குழந்தையும் நாயும் வருவார்கள். பரவாயில்லையா?

பதில்: இல்லை. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து. மிதியடியை இன்றே வெளியே எடுத்து, அடியில் உள்ள பஞ்சையும் சேர்த்து சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். வழித்த கூலண்டை வாசலில் கொட்டாமல் ஒரு கேனில் மூடி வையுங்கள். ஒழுகல் நிற்கும் வரை இருவரையும் அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.